செனகல் ராப்பர்களும் 2012 தேர்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசியல் ராப் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் அமெரிக்காவுக்குப் போய்விடுகிறார்கள். தப்பில்லை, பிறந்த வீடு அதுதான். ஆனால் ராப் ஒரு போராட்டத்தில் என்ன செய்ய முடியும், எது வரைக்கும் செய்ய முடியும் என்று தெரிந்துகொள்ள எனக்கு உதவியது மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகல். 2011, 2012 இரண்டு வருடங்களில் அங்கே ராப்பர்கள் செய்ததைப் பற்றி நான் யாரிடம் சொன்னாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

செனகலில் அப்படி என்னதான் நடந்தது? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

85 வயதான அதிபர் அப்துலாய் வாத் மூன்றாவது முறையும் அதிபராகப் பார்த்தார். அரசியலமைப்புச் சட்டம் இரண்டு முறைக்கு மேல் கிடையாது என்றது. அதைத் தட்டிக் கேட்க முன்னால் வந்தவர்களில் எதிர்க்கட்சிக்காரர்கள் இருந்தார்கள், மனித உரிமைக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் இளைஞர்களைத் தெருவுக்கும், அதைவிட முக்கியமாக வாக்காளர் பதிவு மையத்துக்கும் கூட்டிக்கொண்டு போனது சில ராப்பர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்து தொடங்கிய யானா மார் என்ற இயக்கம். பிரெஞ்சு மொழியில் அதற்கு 'போதும், சலித்துப் போச்சு' என்று அர்த்தம். 2012 மார்ச்சில் வாத் தேர்தலில் தோற்றார்.

இயக்கம் எப்படித் தொடங்கியது?

மின்வெட்டில். இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, அப்படித்தான் நடந்தது. 2011 ஜனவரி, தலைநகர் டக்காரில் பார்செல் என்று அழைக்கப்படும் நெருக்கமான குடியிருப்புப் பகுதி. அங்கே பத்திரிகையாளர் ஃபாதெல் பாரோவின் வீட்டில் நண்பர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கரண்ட் போய் மணிக்கணக்காகிறது. அந்தக் காலத்தில் டக்காரில் இருபது மணி நேரம் கூட இருட்டில் கிடந்த பகுதிகள் உண்டு. கூட இருந்தவர்களில் கெர் கி என்ற ராப் குழுவின் தியாட், கிலிஃபெ இருவரும் உண்டு. பாட்டில் இவ்வளவு திட்டுகிறோம், இவர் பத்திரிகையில் இவ்வளவு எழுதுகிறார், அப்படியும் இருட்டில்தான் உட்கார்ந்திருக்கிறோம், இதற்கு மேல் என்ன செய்யப் போகிறோம் என்று பேச்சு திரும்புகிறது. விடிவதற்குள் இயக்கத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த இருட்டுக்குப் பின்னால் ஒரு குடும்பக் கதையும் இருக்கிறது. அப்போது மின்சாரத்துறை அமைச்சர் யார் என்றால் வாத்தின் மகன் கரீம் வாத். மின்சாரம் மட்டுமல்ல, விமானப் போக்குவரத்து, கட்டுமானம், சர்வதேச ஒத்துழைப்பு எல்லாம் அவர் கையில்தான். ஜனங்கள் அவருக்கு 'வானத்துக்கும் பூமிக்கும் அமைச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். 2009 உள்ளாட்சித் தேர்தலில் டக்காரில் மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள், அதே வருடம் அப்பா அவரை அமைச்சராக்கினார். இருட்டில் உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பையனுக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

வாத் ஒரு காலத்தில் நல்லவராகத்தானே இருந்தார்?

ஆமாம், அதனால்தான் கோபம் இவ்வளவு. சுதந்திரம் வாங்கிய 1960லிருந்து நாற்பது வருடம் செனகலை ஆண்டது சோஷலிஸ்ட் கட்சி. அதை 2000 மார்ச்சில் தோற்கடித்தவர் வாத். அவருடைய கோஷம் ஒரே சொல், 'சோப்பி'. வோலோஃப் மொழியில் மாற்றம் என்று அர்த்தம். அந்தத் தேர்தலிலும் ராப்பர்கள் ஓட்டுப் போடுங்கள், கள்ள ஓட்டு விழாமல் காவல் இருங்கள் என்று பாடினார்கள். ஆக, வாத்தைக் கொண்டுவந்ததிலும் ராப்புக்குப் பங்கு உண்டு.

அப்புறம் என்ன ஆனது? டக்காரின் புறநகர்களான பிக்கின், கெஜவாய் இரண்டும் மழைக்காலத்தில் தண்ணீரில் கிடந்தன. அதே ஊரில் வட கொரிய நிறுவனத்தை வைத்து சுமார் ஐம்பது மீட்டர் உயரத்துக்கு வெண்கலச் சிலை எழுப்பி 2010இல் திறந்தார்கள். இரண்டு முறைக்கு மேல் ஆள முடியாது என்ற வரம்பு வாத் காலத்தில், 2001இல் எழுதிய அரசியலமைப்பிலேயே இருக்கிறது. மூன்றாவது முறை நிற்க முடியாது என்று அவரே முன்பு சொல்லியும் இருந்தார். அதைப் பற்றி 2011 ஜூலையில் அவர் சொன்ன பதில்தான் இன்றைக்கும் செனகலில் பழமொழி மாதிரி புழங்குகிறது: 'மா வாஹோன், வாஹேட்'. அதாவது 'சொன்னேன்தான், இப்போ சொன்னதைத் திரும்ப எடுத்துக்கறேன்'. ஓர் அதிபர் பொதுமேடையில் இப்படிச் சொன்னால் எந்த ஊர் ராப்பர் சும்மா இருப்பார்?

அது சரி, ராப் ஏன்? அந்த நாட்டில் வேறு இசையே இல்லையா?

நிறைய இருக்கிறது. யூசு ந்தூர் என்ற உலகப் புகழ் பெற்ற பாடகரே அந்த ஊர்க்காரர்தான், 2012இல் அவரும் அதிபர் தேர்தலில் நிற்க மனு போட்டார், தள்ளுபடி செய்துவிட்டார்கள். ஆனாலும் ராப் பிடித்துக்கொண்டதற்குக் காரணங்கள் உண்டு.

முதல் காரணம் மொழி. செனகலின் ஆட்சிமொழி பிரெஞ்சு. சட்டம், தீர்ப்பு, அரசிதழ் எல்லாம் அதில்தான். தெருவில் பேசுவது வோலோஃப். அதிபர் சட்டத்தை எப்படித் திருத்தப் பார்க்கிறார் என்று பிரெஞ்சு படிக்காத மீனவருக்கும் சந்தையில் கடை போட்டிருக்கும் அம்மாவுக்கும் யார் சொல்வது? ராப்பர்கள் சொன்னார்கள். நான்கு நிமிடப் பாட்டுக்குள் மற்ற எந்தப் பாட்டையும்விட அதிகமாகச் சொற்களை அடைக்க முடிவது ராப்பில்தான். ஒரு சட்டப்பிரிவையே எடுத்து விளக்கலாம், பெயர் சொல்லிக் கேட்கலாம், எதிராளி என்ன பதில் சொல்வான் என்று அதையும் அடுத்த வரியிலேயே சொல்லி மடக்கலாம்.

இரண்டாவது, மண்ணில் ஏற்கெனவே இருந்த ஒரு பழக்கம். வோலோஃப் பெண்கள் கல்யாணத்திலும் குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழாவிலும் மேளத்துக்கு ஏற்றபடி தாளத்தோடு பேசுவார்கள், இடையிடையே கூட்டம் பதில் சொல்லும். அதற்குப் பெயர் தாசு. ராப் எங்களுக்குப் புதிதில்லை, அமெரிக்காவுக்குப் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பி வந்த தாசுதான் அது என்று அங்குள்ள ராப்பர்கள் பலர் சொல்வார்கள். வரலாறாக அதை நிரூபிப்பது கஷ்டம், ஆனால் பாட்டி பேசுவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு ராப் அந்நியமாகப் படவில்லை என்பது நிச்சயம். அப்புறம் கெவெல் என்ற பாணர் குலமும் அங்கே உண்டு. அரசர்களையும் பெரிய குடும்பங்களையும் புகழ்ந்து பாடிப் பரிசில் வாங்குபவர்கள். ராப்பர் அதே மேடையில் ஏறி நின்று புகழ மாட்டேன், கணக்குக் கேட்பேன் என்கிறார். கேட்பவருக்கு அந்தத் தலைகீழ் மாற்றம் உடனே புரிகிறது.

வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மக்களில் பாதிப் பேர் இருபது வயதைத் தாண்டாத நாடு அது, அதிபருக்கோ 85.

கெர் கி யார்?

'கெர் கி' என்றால் வீடு. தலைநகரிலிருந்து தள்ளி, நிலக்கடலை வியாபாரத்துக்குப் பேர்போன காவோலாக் என்ற ஊர்க்காரர்கள். 'தியாட்' என்றால் கடைக்குட்டி, 'கிலிஃபெ' என்றால் வீட்டுக்குப் பெரியவர். வீடு, கடைக்குட்டி, பெரியவர்: பெயரிலேயே ஒரு குடும்பம் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில், பள்ளி வயதில் தொடங்கினார்கள். 1998இல் உள்ளூர் நகராட்சியை விமர்சித்துப் பாடியதற்காக அவர்களை அடித்து, சிறையிலும் போட்டார்கள். அதாவது 2011இல் இவர்கள் திடீரென்று அரசியல் பேசக் கிளம்பவில்லை, அதற்குப் பதின்மூன்று வருடம் முன்பே விலை கொடுத்தவர்கள். ஜனங்கள் இவர்களை நம்பியதற்கு இது பெரிய காரணம் என்பது என் எண்ணம். போராட்டம் சூடு பிடித்த பிறகு வந்து பாட்டுப் போடுகிறவரை மக்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இவர்கள் தவிர கெஜவாயிலிருந்து ஃபூ மலாட் என்ற ராப்பர், சிமோன், ஜிலி பாக்தாத் என்று பலர் சேர்ந்தார்கள்.

ஜூன் 23 என்று எல்லோரும் சொல்கிறார்களே, அன்றைக்கு என்ன?

2011 ஜூன் 23. வாத் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டத்திருத்தம் கொண்டுவந்தார். அதிபரோடு துணை அதிபரும் ஒரே வாக்குச்சீட்டில் ஜோடியாக நிற்பார்கள், முதல் சுற்றில் 25 சதவீத ஓட்டோடு முதலிடத்தில் வந்தாலே ஜெயித்ததாக அர்த்தம். அதுவரை பாதிக்கு மேல் வேண்டும். துணை அதிபர் நாற்காலி மகன் கரீமுக்குத்தான் என்று ஊரே பேசியது.

காலையிலிருந்தே நாடாளுமன்றத்தின் முன்னால் கூட்டம். கறுப்பு பனியனில் வெள்ளை எழுத்தில் இயக்கத்தின் பெயர் போட்டுக்கொண்ட பையன்கள், கட்சிக்காரர்கள், மாணவர்கள், வேலைக்குப் போகாமல் வந்துவிட்டவர்கள். கண்ணீர்ப்புகை, தண்ணீர் பீய்ச்சுதல், கல்வீச்சு, எரியும் டயர். உள்ளே விவாதம், வெளியே இது. சாயங்காலத்துக்குள் அரசு திருத்தத்தையே வாபஸ் வாங்கியது. சரி, ஒரு மசோதா வாபஸ் ஆனது, அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். அடுத்த வருடம் பிப்ரவரி 26இல் நடந்த முதல் சுற்றில் வாத் வாங்கியது 34.8 சதவீதம். எல்லோரையும்விட அதிகம் அவர்தான். அந்தத் திருத்தம் நிறைவேறியிருந்தால் அன்றைக்கே அவர் அதிபர். இந்த ஒரு எண்ணைப் பார்த்த பிறகுதான் அந்த ஒரு நாள் தெருவில் நின்றதற்கு எவ்வளவு கனம் என்று எனக்கு உறைத்தது.

'கத்தியைத் தீட்டி வை' என்று பாடினார்களாமே, அது வன்முறைக்குத் தூண்டுவது இல்லையா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இயக்கத்தின் மூளை இதில்தான் இருக்கிறது.

வோலோஃபில் 'தாஸ் ஃபனானல்' என்று ஒரு சொல்வழக்கு. ஆயுதத்தைத் தீட்டி வைத்துவிட்டுத் தூங்கப் போ என்று பொருள். நாளைக்குச் சண்டை என்றால் இன்றைக்கு ராத்திரியே தயாராகு. நாம் வருமுன் காப்பது என்று சொல்வோமே, அதையே இன்னும் கூராகச் சொல்வது மாதிரி. யானா மார் இந்தச் சொல்லை எடுத்து வாக்காளர் பதிவுப் பிரசாரத்துக்குப் பெயராக வைத்தது. கூடவே பிரெஞ்சில் ஒரு வாசகம்: என் அட்டை, என் ஆயுதம். தீட்டச் சொன்னது கத்தியை அல்ல, வாக்காளர் அட்டையை.

கோபமாக இருக்கும் பையனிடம் போய் அமைதியாக இரு, வரிசையில் நில் என்று சொன்னால் கேட்பானா? கேட்க மாட்டான். கோபத்தைக் கீழே வை என்று அவனிடம் சொல்லாமல், அதே கோபத்தோடு போய் வரிசையில் நிற்க வைத்தார்கள். ராப்பர்கள் பேட்டை பேட்டையாகப் போனார்கள், தெருமுனையில் பாடினார்கள், பாடி முடித்ததும் பதிவு மையம் எங்கே இருக்கிறது, என்ன காகிதம் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னார்கள். உள்ளூர்க் கிளைகளுக்கு 'எஸ்ப்ரி', அதாவது ஆவி அல்லது உணர்வு என்று பெயர். பேட்டைக்கு ஓர் எஸ்ப்ரி, தெரு சுத்தம் செய்வதிலிருந்து பதிவு வரை அவர்கள் பொறுப்பு. புதிதாகப் பதிவு செய்ய வைத்தவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல் என்று இயக்கம் சொன்னது. இயக்கமே தன்னைப் பற்றிச் சொன்ன கணக்கு என்பதை மனதில் வைத்துக்கொண்டாலும், இளைஞர்கள் அந்த வரிசைகளில் நின்றார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

கல்லெறிதல் நடந்ததா என்றால் நடந்தது. மின்வெட்டுக்காக 2011 ஜூன் 27இல் மின்வாரிய அலுவலகங்களைக் கொளுத்தினார்கள். போராட்டம் முழுக்க அகிம்சை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் யானா மார் தலைவர்கள் சொன்னது ஓட்டுப் போடு என்பதுதான்.

அந்தச் சமயத்தில் வந்த பாடல்களில் எது முக்கியம்?

என்னைக் கேட்டால் 'ஃபோ! பா ஃபோர்செ'. வாத்துக்கு நேராகச் சொன்ன பாட்டு. தலைப்பே இரட்டை அர்த்தம். காதில் கேட்டால் பிரெஞ்சில் 'வலுக்கட்டாயம் பண்ணாதே' என்று விழும். எழுத்தில் பார்த்தால் முதல் சொல் 'பொய்' என்று இருக்கும். பெரியவரே, முடியாது, மல்லுக்கட்டாதீர்கள் என்பதும் நீங்கள் சொல்வது பொய் என்பதும் ஒரே மூச்சில். யானா மார் ராப்பர்கள் பலர் சேர்ந்து பாடியது, அதனால் ஒரு குரல் களைத்துப்போகும் இடத்தில் அடுத்த குரல் ஏறிக்கொள்ளும். எனக்கு வோலோஃப் தெரியாது. ஆனாலும் முதல்முறை ராத்திரி ஹெட்போனில் கேட்டபோது, பல்லவி மூன்றாவது தடவை வருவதற்குள் நானும் வாயசைத்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் பாடவே செய்த பல்லவி அது, யார் வேண்டுமானாலும் இரண்டு நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

பாடியதற்காக யாராவது கைதானார்களா?

பாட்டைவிட மேடைப் பேச்சுக்காக. 2011 ஜூலையில் ஒரு கூட்டத்தில் தியாட், பொய் சொல்கிற கிழவர் நாட்டுக்கு ஆபத்து என்ற பொருளில் பேசினார். பெரியவர்களை மரியாதைக் குறைவாகப் பேசுவது செனகலில் சாதாரண விஷயம் இல்லை, அதுவும் நம் ஊர் மாதிரிதான். இரண்டு நாளில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. வெளியே கூட்டம் திரண்டது, மறுநாள் விட்டுவிட்டார்கள். தேர்தல் நெருங்க நெருங்க நிலைமை மோசமானது. 2012 ஜனவரி 27இல் அரசியலமைப்பு மன்றம் வாத் நிற்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு நடந்த மோதல்களில் உயிர்கள் போயின. ஜனவரி 31 அன்று டக்காரின் ஒபெலிஸ்க் சதுக்கத்தில் போலீஸ் வாகனம் மோதி ஒரு மாணவர் இறந்தார்.

கடைசியில் வாத் தோற்றதற்கு ராப்தான் காரணமா?

இல்லை. ராப்பை உயிராக நேசிக்கும் நான் இதைத் தெளிவாகவே சொல்கிறேன். முதல் சுற்றில் 26.6 சதவீதம் வாங்கி இரண்டாவதாக வந்த மாக்கி சால், வாத்தின் பழைய பிரதமர். இரண்டாம் சுற்றில் மற்ற வேட்பாளர்கள் எல்லோரும் அவர் பின்னால் வந்தார்கள், அதனால் மார்ச் 25இல் 65.8 சதவீதம் வந்தது. அரிசி விலை, கரண்ட், குடும்ப ஆட்சி, கட்சிக் கூட்டணி எல்லாம் சேர்ந்துதான் அது நடந்தது. வாத் அன்று இரவே சாலுக்குப் போன் செய்து வாழ்த்தியதையும் சொல்ல வேண்டும், அந்தப் பெருமை அந்த நாட்டுக்கு உண்டு.

ராப் செய்தது வேறு. மின்வெட்டு என் தலையெழுத்து என்று நினைத்தவனை, இதற்குப் பொறுப்பானவர் இருக்கிறார், அவருக்குப் பெயர் இருக்கிறது, அவரை நீக்கும் தேதியும் இருக்கிறது என்று யோசிக்க வைத்தது. பாட்டு கேட்டவன் மறுநாள் காலையில் எங்கே போக வேண்டும் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது பாதி இல்லாத போராட்டப் பாடல்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது ரத்தம் சூடாகும், பாட்டு முடிந்ததும் ஆறிவிடும்.

ஜெயித்த பிறகு பதவி வாங்கிக்கொண்டார்களா?

அமைச்சராகவோ ஆலோசகராகவோ யானா மார் போகவில்லை, காவல்நாயாக இருப்போம் என்றார்கள். 2014இல் கெர் கி 'ஜோகு ஃபி' என்று ஒரு பாட்டுப் போட்டார்கள். எதுவும் அசையவில்லை, எல்லாம் அப்படியேதான் இருக்கிறது என்று அர்த்தம், இந்த முறை அடி மாக்கி சாலுக்கு. ஓட்டுப் போட வைத்தவர்களே இரண்டு வருடத்தில் இப்படிப் பாடியது பலருக்கு அதிர்ச்சி. எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியது அந்தப் பாட்டால்தான்.

பிற்பாடு ஆளுக்கொரு பாதை ஆனது. ஃபாதெல் பாரோ 2022 உள்ளாட்சித் தேர்தலில் காவோலாக் மேயர் பதவிக்கு நின்றார். மாக்கி சாலும் மூன்றாவது முறை நிற்பாரா என்று நாடு மறுபடி கொந்தளித்தது, 2023 ஜூலையில்தான் நிற்கவில்லை என்று அறிவித்தார்.

இயக்கத்தின் மேல் விமர்சனமே இல்லையா?

உண்டு. வெளிநாட்டு அமைப்புகளின் பணத்தில் நடக்கிறது என்பது பழைய குற்றச்சாட்டு. யானா மாருக்கு நிதி கொடுத்ததைக் காரணம் காட்டி ஒரு தொண்டு நிறுவனத்தின் அனுமதியை 2018இல் அரசே பறித்தது. பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது நியாயம், ஆனால் விமர்சிப்பவர்களை அடக்க அரசுகள் முதலில் எடுக்கும் ஆயுதமும் இதுதான் என்பதையும் பார்க்க வேண்டும்.

எனக்கு உண்மையான வருத்தம் வேறு. மேடையில் பெண்கள் குறைவு. தாசு என்ற கலையே பெண்களுடையது, அதை எங்கள் வேர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ராப்பில் முன்வரிசை முழுக்க ஆண்கள். சிஸ்டர் ஃபா மாதிரி ராப்பர்கள் இருக்கிறார்கள், பெண் பிறப்புறுப்புச் சிதைப்புக்கு எதிராகத் தன் ஊர்ப்பக்கத்துக்கே திரும்பிப் போய்ப் பாடியவர். அவருடைய வேலையை 2012 கதை சொல்பவர்கள் அதிகம் சேர்ப்பதில்லை.

மற்ற நாடுகளுக்கு இது பரவியதா?

பரவியது. பக்கத்தில் புர்கினா ஃபாசோவில் ராப்பர் ஸ்மாக்கியும் ரெகே பாடகர் சாம்ஸ்கா லெ ஜாவும் 2013இல் 'குடிமக்கள் துடைப்பம்' என்ற இயக்கம் தொடங்கினார்கள். பேரணிகளில் துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். 27 வருடம் ஆண்ட பிளேஸ் கொம்பாவோரே இன்னொரு முறை நிற்கச் சட்டத்தைத் திருத்தப் பார்த்தபோது மக்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள், 2014 அக்டோபர் 31இல் அவர் பதவி விலகினார். மறுவருடம் செப்டம்பரில் ராணுவத்தின் ஒரு பிரிவு ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தபோது ஸ்மாக்கியின் ஒலிப்பதிவுக் கூடத்தை ராக்கெட்டால் தாக்கினார்கள். ஒரு ஸ்டுடியோவை ராக்கெட் விட்டு அடிக்கிறார்கள் என்றால் அங்கே பதிவான பாட்டைக் கண்டு எவ்வளவு பயம் இருந்திருக்கும்.

காங்கோ ஜனநாயகக் குடியரசில் கதை வேறு மாதிரி. 2015 மார்ச்சில் கின்ஷாசா இளைஞர்களோடு பேசப் போன பாரோவையும் ஃபூ மலாட்டையும் பிடித்துச் சில நாளில் நாடு கடத்தினார்கள். உள்ளூர் இளைஞர்கள் இருவர் 2016 ஆகஸ்ட் வரை சிறையில் இருந்தார்கள். ஒரு நாட்டில் நடந்தது அப்படியே இன்னொரு நாட்டில் நடக்காது. செனகலில் தேர்தல் என்று ஒன்று உண்மையாக நடக்கும், தோற்றவர் போவார் என்ற பழக்கம் 2000லேயே வந்துவிட்டிருந்தது. காங்கோவில் அப்போது அந்தத் தரையே இருக்கவில்லை.

மொழி தெரியாமல் எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

'ஜூர்னால் ராப்பே'யிலிருந்து. 2013இல் ஷூமான், கெய்ட்டி என்ற இரண்டு மூத்த ராப்பர்கள் தொலைக்காட்சிச் செய்தியையே ராப்பாக வாசிக்கத் தொடங்கினார்கள். கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு செய்தி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஷூமான் பிரெஞ்சில் வாசிப்பார், அடுத்து கெய்ட்டி வோலோஃபில். சொல் புரியாவிட்டாலும் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பிரெஞ்சில் நிதானமாகப் போகும் செய்தி, வோலோஃபுக்கு வந்ததும் குரல் இறங்கி, தாளம் நெருக்கமாகி, பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது மாதிரி ஆகும். அதற்குப் பிறகு 'ஃபோ! பா ஃபோர்செ', அது முடிந்த கையோடு 'ஜோகு ஃபி'. இந்த இரண்டு பாட்டுக்கும் நடுவில் ஓர் ஆட்சி மாறியிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.